வவுச்சர் இல்லாத மஞ்சள்

அமெரிக்காவில் இருக்கும் என் தங்கை ஒவ்வொரு முறை ஊருக்கு வரும்போதும் அம்மாவுக்கு ஏதாவது வாங்கி வருவாள். ஒரு வருஷம் கால் அமுக்கிவிடும் மெஷின். இன்னொரு வருஷம் ஒரு பை நிறைய பாதாம் பருப்பு (சென்னையில் கிடைக்காதாம்!). சில வருஷம் முன்னால் வந்தபோது ஒரு வெள்ளை பிளாஸ்டிக் டப்பா. உள்ளே அறுபது கேப்ஸ்யூல்கள்.

"மூட்டு வலிக்கும்மா. ஆன்டி இன்ஃப்ளமேட்டரி, ஆன்டி ஆக்ஸிடண்ட்... எல்லாம் இதுல இருக்கு."

"அப்படின்னா?"

"மஞ்சள்மா!"

அம்மா நம்பவில்லை. ஒரு கேப்ஸ்யூலைப் பிரித்து உள்ளங்கையில் கொட்டி மோந்து பார்த்தார். "மஞ்சள்ங்கற, வாசனையே இல்லையேடி?" என்றார். பிறகு எழுந்துபோய் சோப்புப் போட்டுக் கை கழுவினார். உள்ளங்கை செக்கச் செவேல் என்று ஆனது. "ம்... மஞ்சள்தான்" என்று தீர்ப்பு சொல்லிவிட்டு விலையைக் கேட்டார். 28 டாலர். அதற்கப்புறம் நடந்த உரையாடலை இங்கே எழுத வேண்டாம். பத்து வருஷத்துக்கு மஞ்சள்பொடி வாங்கலாம் என்பதுதான் அதன் சாராம்சம்.

நான் படித்தது பி.காம். கெமிஸ்ட்ரிக்கும் எனக்கும் பிளஸ் டூவோடு உறவு முறிந்துவிட்டது. ஆனால் எட்டணா பொருள் எட்நூறு ரூபாயாக மாறினால், நடுவில் யார் யார் கை வைத்தார்கள் என்று பார்க்காமல் இருக்க முடியாது, படிப்பு அப்படி. பார்த்தேன். இருநூறு வருஷத்துக் கணக்கு அது. அதில் ஓர் இடத்தில் இந்தியா ஜெயிக்கிறது. இன்னோர் இடத்தில் நாம் எல்லோருமே கொஞ்சம் ஏமாந்திருக்கிறோம். இரண்டுமே ஒரே வருஷத்தில் ஆரம்பித்தவை என்பதுதான் வேடிக்கை.

முதலில் 1815. பாரீஸ். வோகல், பெல்லெட்டியே என்று இரண்டு பேர் மஞ்சள் கிழங்கிலிருந்து அந்த நிறத்தை மட்டும் தனியாகப் பிரித்தெடுத்துக் 'கர்குமின்' என்று பெயர் வைத்தார்கள். இந்த பெல்லெட்டியே லேசுப்பட்ட ஆள் இல்லை. ஐந்தே வருஷத்தில், 1820-ல், இன்னொரு நண்பரோடு சேர்ந்து சின்கோனா மரப்பட்டையிலிருந்து குவினைனைப் பிரித்தவர். மலேரியாவுக்கு மருந்து! அந்தக் காலத்து ஐரோப்பிய மருந்துக்காரர்களுக்கு இது ஒரு வெறி. எந்த நாட்டுப் பட்டை, வேர், கொட்டை கிடைத்தாலும் சாராயத்தில் ஊறப்போட்டு, 'இதில் வேலை செய்கிற ஆசாமி யார்?' என்று தனியாகப் பிடித்து நிறுத்துவார்கள். மஞ்சளில் பிடித்து நிறுத்தியது ஒரு சாயத்தைத்தான். மருந்து என்று யாரும் நினைக்கவில்லை. வோகலும் பெல்லெட்டியேவும் எடுத்தது சுத்தமான சரக்குகூட இல்லை.

அதன் மூலக்கூறு எப்படி இருக்கும் என்று கண்டுபிடிக்க 1910 ஆனது. மிலோபென்ட்ஸ்கா என்ற பெண்மணி உட்பட மூன்று போலந்து விஞ்ஞானிகளின் வேலை அது. மஞ்சளைக் கண்ணால்கூடப் பார்க்காத ஊர்க்காரர்கள்!

நம் ஊரில் இது சோதனைக்கூடத்துக்குள் ஒழுங்காக நுழைந்தது 1970-களில். லக்னோவில் இருக்கும் மத்திய மருந்து ஆராய்ச்சிக் கழகம். ஸ்ரீமல், தவான் என்று இரண்டு விஞ்ஞானிகள் எலிகளின் பாதத்தில் கடல்பாசியிலிருந்து எடுத்த ஒரு பொருளை ஊசி மூலம் ஏற்றினார்கள். பாதம் புஸ்ஸென்று வீங்கும். கர்குமின் கொடுத்த எலிகளுக்கு வீக்கம் குறைந்தது. 1973-ல் கட்டுரை வெளியானது. ஸ்டீராய்டு வகையைச் சேராத ஒரு வீக்க நிவாரணி என்று தலைப்பிலேயே சொல்லிவிட்டார்கள். 'ஆன்டி இன்ஃப்ளமேட்டரி' என்று என் தங்கை கொண்டு வந்த டப்பாவில் போட்டிருக்கும் வார்த்தைக்கு மூலப் பத்திரம் இந்த லக்னோ எலிகள்தான். மூன்று வருஷம் கழித்து, 1976-ல், சர்மா என்ற இன்னோர் இந்தியர் கர்குமினின் ஆன்டி ஆக்ஸிடண்ட் குணத்தைப் பற்றி எழுதினார். 1980-ல் முடக்குவாதம் உள்ள 18 பேருக்கு இரண்டு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். கொஞ்சம் முன்னேற்றம் தெரிந்தது. பதினெட்டே பேர். இரண்டே வாரம். இந்த எண்களை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது 1995-க்கு வருவோம். அமெரிக்காவில் இரண்டு ஊர்கள். ஒன்று மிஸிஸிப்பி மாநிலத்தில் ஜாக்ஸன். இன்னொன்று டெக்ஸாஸில் ஹூஸ்டன்.

ஜாக்ஸன் கதை உங்களுக்கு அரைகுறையாகத் தெரிந்திருக்கும். 'மஞ்சளை அமெரிக்காக்காரன் திருடிட்டான்' என்று அப்போது பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக எழுதினோம் (நானும் ஒரு துண்டுச் செய்தி எழுதியிருக்கிறேன். அப்போது சப் எடிட்டராகச் சேர்ந்த புதுசு). ஆனால், அதில் 'அமெரிக்காக்காரன்' என்று சொன்ன இரண்டு பேரின் பெயர்கள் சுமன் தாஸ், ஹரிஹர் கோலி. இருவரும் நம் ஊர் வம்சாவளிதான். மிஸிஸிப்பி பல்கலைக்கழகத்தின் மருத்துவ மையத்தில் இருந்தார்கள். காயத்தை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு 1995 மார்ச் 28 அன்று அவர்களுக்கு அமெரிக்கா பேடண்ட் கொடுத்தது. எண் 5,401,504.

இதில் ரசமான விஷயம், இந்தியாவில் மஞ்சள் காலகாலமாகப் பாரம்பரிய மருந்தாக இருக்கிறது என்பது அந்த பேடண்டிலேயே எழுதியிருக்கிறது! மறைக்கவெல்லாம் இல்லை. அப்புறம் எப்படிக் கொடுத்தார்கள்?

அங்கேதான் சட்டம். ஒரு பொருள் புதிது இல்லை என்று சொல்ல அன்றைய அமெரிக்கச் சட்டம் இரண்டு வகை சாட்சிகளை ஏற்கும். அமெரிக்காவுக்குள்ளேயே ஏற்கெனவே பழக்கத்தில் இருந்ததா? சரி, புதிதில்லை. வெளிநாட்டிலா? அப்படியானால் அச்சில் இருக்கவேண்டும். உங்கள் பாட்டி, அவர் பாட்டி, ஈரோட்டில் மஞ்சள் வேகவைக்கிற அத்தனை பேரும் கப்பல் ஏறிப்போய் சத்தியம் செய்தாலும் செல்லாது. எழுத்தில் காட்டு!

ஆடிட் ஆபீஸில் வேலை பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். முதலாளி நிஜமாகவே செலவு செய்திருப்பார். கடை முழுக்கப் பார்த்திருக்கும். ஆனால் வவுச்சர் இல்லையென்றால், ஆடிட்டரைப் பொறுத்தவரை அந்தச் செலவு நடக்கவே இல்லை. மஞ்சள் விஷயத்தில் நாம் ஆயிரக்கணக்கான வருஷம் வவுச்சர் போடாமல் செலவு செய்தவர்கள். அல்லது, போட்ட வவுச்சர் எங்கே இருக்கிறது என்று தெரியாதவர்கள்.

தேட ஆரம்பித்தது சி.எஸ்.ஐ.ஆர்., அதாவது மத்திய அரசின் அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் கவுன்சில். அப்போது அதன் தலைவர் ரகுநாத் மஷேல்கர். 1996 அக்டோபரில், 'இந்த பேடண்டை மறுபடி பரிசீலியுங்கள்' என்று அமெரிக்க அலுவலகத்தில் மனு போட்டார்கள். கூடவே 32 சான்றுகள். சம்ஸ்கிருதம், உருது, ஹிந்தியில் எல்லாம். சில, நூறு வருஷத்துக்கும் மேல் பழசு. அவற்றில் ஒன்று இந்திய மருத்துவச் சங்கத்தின் இதழில் 1953-ல் வந்த கட்டுரை. யோசித்துப் பாருங்கள். யாரோ ஒரு டாக்டர், சுதந்திரம் வந்து ஆறாவது வருஷத்தில், எந்த பேடண்டைப் பற்றியும் நினைக்காமல் உட்கார்ந்து எழுதிய நாலு பக்கம், நாற்பத்து மூன்று வருஷம் கழித்துச் சாட்சிக்கூண்டில் ஏறுகிறது!

எதிர்த்தரப்பு சும்மா விடவில்லை. மஞ்சள் பொடி வேறு, பத்து வேறு என்று வாதாடியது. பொடியாகத் தூவினால் நடப்பதும், தேன் மாதிரி எதிலாவது குழைத்துப் போட்டால் நடப்பதும் ஒன்றாகாதாம். நம் வீட்டுக் கிழவிகளிடம் இதைச் சொல்லியிருந்தால் என்ன பதில் கிடைத்திருக்கும்! எடுபடவில்லை. 1997 ஆகஸ்டில் ஆறு உரிமைக் கோரிக்கைகளும் நிராகரிக்கப்பட்டன. 1998 ஏப்ரலில் சான்றிதழ் கொடுத்துக் கணக்கை மூடினார்கள். வளரும் நாடு ஒன்று, தன் பாரம்பரிய அறிவை வைத்து அமெரிக்காவில் ஒரு பேடண்டைக் கவிழ்த்தது அதுதான் முதல் முறை என்றார்கள். நியாயமான பெருமைதான்.

அதோடு நிற்காமல், 2001-ல் ஆரம்பித்து ஒரு பெரிய காரியம் செய்தார்கள். ஆயுர்வேதம், யுனானி, நம் சித்த மருத்துவம் ஆகியவற்றின் பழைய நூல்களில் இருக்கும் மருந்துகளையெல்லாம் ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ், ஜப்பான் மொழிகளில் மாற்றி ஒரு டிஜிட்டல் களஞ்சியம். 2009-ல் ஐரோப்பிய பேடண்ட் அலுவலகத்துக்கு அதைத் திறந்துவிட்டார்கள். தமிழ்ச் செய்யுளில் ஒளிந்திருந்த சூரணம் எல்லாம் வவுச்சராக மாறிவிட்டது! அமெரிக்காவும் 2011-ல் சட்டத்தைத் திருத்தியது. இப்போது வெளிநாட்டில் பழக்கத்தில் இருந்தாலும் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள்.

ஆனால் ஒரு விஷயத்தை அன்றைக்கு நாம் யாரும் கவனிக்கவில்லை. நான் எழுதிய அந்தத் துண்டுச் செய்தியிலும் இல்லை. அந்த வழக்கில் கேட்கப்பட்ட கேள்வி, 'இது புதிதா, பழசா?' என்பது மட்டும்தான். பழசு என்று நிரூபித்தோம். 'இது வேலை செய்கிறதா?' என்று யாரும் கேட்கவே இல்லை. ஆனால் தீர்ப்பு வந்த நாளிலிருந்து, 'பார்த்தீர்களா, மஞ்சளின் மகிமையை அமெரிக்காவே ஒத்துக்கொண்டது' என்று பேச ஆரம்பித்துவிட்டோம். இடம் யாருடையது என்று பட்டா கிடைத்தால், கிணற்றில் தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தமா?

தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கும் வேலை அதே 1995-ல் இன்னோர் ஊரில் ஆரம்பித்தது. ஹூஸ்டன். எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையம், உலகப் புகழ் பெற்ற இடம். அங்கே பரத் அகர்வால். பஞ்சாபில் பிறந்தவர். அதற்கு முன்பே ஜெனன்டெக் கம்பெனியில், உடம்பில் வீக்கத்தைக் கிளப்பிவிடும் டி.என்.எஃப். என்கிற புரதத்தைப் பிரித்தெடுத்த வேலையில் பெயர் வாங்கியவர். 1995-ல் சஞ்சய சிங் என்ற சக ஆய்வாளரோடு ஒரு கட்டுரை வெளியிட்டார். நம் செல்லுக்குள் வீக்கத்துக்கான மெயின் ஸ்விட்ச் மாதிரி ஒன்று உண்டு. என்.எஃப். கப்பா பி என்று பெயர். அந்த ஸ்விட்சைக் கர்குமின் அணைக்கிறது என்றது கட்டுரை.

அவ்வளவுதான், பற்றிக்கொண்டது. புற்றுநோய், சர்க்கரை, மூட்டு வலி, மறதி நோய்... எல்லாவற்றுக்கும் அடியில் நாள்பட்ட வீக்கம் ஒன்று கனன்றுகொண்டிருக்கிறது என்று மருத்துவ உலகம் பேச ஆரம்பித்த நேரம் அது. வீக்கத்தின் ஸ்விட்சை மஞ்சள் அணைக்குமென்றால், எல்லா நோய்க்கும் மஞ்சள்! ஆயிரக்கணக்கில் கட்டுரைகள் வந்தன. அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனங்கள் மட்டும் கர்குமின் ஆராய்ச்சிக்கு 15 கோடி டாலருக்கு மேல் கொட்டின.

இன்னொரு பக்கம் ஆன்டி ஆக்ஸிடண்ட் அலை. அதன் மூலவர் டென்ஹாம் ஹார்மன். எண்ணெய்க் கம்பெனியில் கெமிஸ்ட்டாக இருந்து, பிறகு டாக்டருக்குப் படித்தவர். 1956-ல் அவர் சொன்ன கோட்பாடு எளிமையானது. எண்ணெய் நாளானால் சிக்கு வாடை அடிக்கிறது, இரும்பு துருப்பிடிக்கிறது. மனுஷனும் அப்படித்தான் உள்ளுக்குள் ஆக்ஸிஜனால் துருப்பிடித்துக் கிழவனாகிறான். துருவைத் தடுக்கும் பொருளைச் சாப்பிட்டால்? கேட்கவே நன்றாக இருக்கிறது அல்லவா?

ஃபின்லாந்தில் செய்து பார்த்தார்கள். புகை பிடிக்கும் ஆண்கள் 29,133 பேர். கேரட்டில் இருக்கும் பீட்டா கரோட்டின் என்ற ஆன்டி ஆக்ஸிடண்டைச் சிலருக்கு மாத்திரையாகக் கொடுத்தார்கள். நுரையீரல் புற்றுநோய் குறையும் என்று எதிர்பார்த்தார்கள். 1994-ல் முடிவு வந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களுக்குப் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம்! ஏதோ தப்பு நடந்திருக்கும் என்றார்கள். அமெரிக்காவில் இன்னொரு பெரிய சோதனை. அதிலும் அதே கதை. 1996-ல் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். உணவுப் பொருட்களின் ஆன்டி ஆக்ஸிடண்ட் சக்திக்கு மார்க் போட்டு அமெரிக்க வேளாண் துறை ஒரு பட்டியல் வைத்திருந்தது. மசாலாப் பொருட்களுக்கெல்லாம் அதில் ரொம்ப நல்ல மார்க். டெஸ்ட் ட்யூபில் வாங்கும் மார்க்குக்கும் உடம்பில் நடப்பதற்கும் சம்பந்தமில்லை, கம்பெனிகள் இதை விளம்பரத்துக்குப் பயன்படுத்துகின்றன என்று 2012-ல் அவர்களே அந்தப் பட்டியலை எடுத்துவிட்டார்கள்.

பட்டியல் போனது. டப்பா மேல் இருக்கும் வார்த்தை மட்டும் போகவில்லை.

சரி, கர்குமினுக்கு என்ன ஆயிற்று? முதல் பிரச்னை, அது உடம்புக்குள் ஏறுவதே இல்லை. தண்ணீரில் கரையாது. குடலைத் தாண்டிக் கொஞ்சம் உள்ளே போனாலும் கல்லீரல் உடனே மாற்றி வெளியே தள்ளிவிடும். ஹூஸ்டனிலேயே கணையப் புற்றுநோய் உள்ள 25 பேருக்கு தினம் 8 கிராம் கர்குமின் கொடுத்துப் பார்த்து 2008-ல் எழுதினார்கள். எட்டு கிராம்! ரத்தத்தில் தெரிந்தது மில்லிலிட்டருக்குச் சில பத்து நானோகிராம்கள்தான். மழைக்காலத்தில் செம்பரம்பாக்கம் ஏரியில் ஒரு சிட்டிகை உப்புப் போட்ட கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இந்த இடத்தில் வில்லோ மரத்தை நினைத்தால் பொறாமையாக இருக்கிறது. 1763-ல் எட்வர்ட் ஸ்டோன் என்ற ஆங்கிலேயப் பாதிரியார், வில்லோ பட்டையைப் பொடித்துக் காய்ச்சல்காரர்கள் சுமார் ஐம்பது பேருக்குக் கொடுத்ததை லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதமாக எழுதினார் (வவுச்சர்!). அந்தப் பட்டையின் சமாசாரம்தான் சுற்றிச் சுற்றி 1897-ல் ஜெர்மனியில் ஆஸ்பிரின் ஆயிற்று. எப்படி வேலை செய்கிறது என்று 1971-ல் ஜான் வேன் கண்டுபிடித்து நோபல் பரிசும் வாங்கினார். அங்கே பட்டைச் சரக்கு வயிற்றிலிருந்து ரத்தத்துக்குச் சுலபமாகப் போய்விட்டது. மஞ்சளுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தது பெங்களூருவில் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி. 1998-ல். மிளகு! மிளகின் காரமான பைப்பரின் 20 மில்லிகிராமை 2 கிராம் கர்குமினோடு சேர்த்துக் கொடுத்தால், உடம்பில் ஏறுவது 2000 சதவீதம் கூடுகிறது என்றார்கள். சளி பிடித்தால் பாலில் மஞ்சளும் மிளகும் போடுகிற நம் ஆட்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? நானும் துள்ளிக் குதித்தவன்தான். பிறகு காமர்ஸ் புத்தி எட்டிப் பார்த்தது. முதல் பத்து பைசாவாக இருந்தால் 2000 சதவீத லாபம் எவ்வளவு? இரண்டு ரூபாய். அதுவும் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிட்டுப் போய்விடுகிற இரண்டு ரூபாய்.

இரண்டாவது பிரச்னை இன்னும் மோசம். 2016-ல் ஒரே அறிவியல் இதழ், அகர்வாலின் ஏழு கட்டுரைகளை ஒரே நேரத்தில் திரும்பப் பெற்றுக்கொண்டது. அவற்றிலிருந்த படங்கள், தரவுகளின் நம்பகத்தன்மை பற்றிக் கேள்வி வந்ததால். மற்ற இதழ்களும் தொடர, எண்ணிக்கை இருபத்தைந்தைத் தாண்டியது. அவர் எழுதிய எல்லாமே தப்பு என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் அந்தக் கட்டுரைகளை நம்பி, அவற்றை மேற்கோள் காட்டி எழுதியவர்கள், அவர்களை மேற்கோள் காட்டியவர்கள்... சீட்டுக் கம்பெனியில் முதல் ஆள் கணக்கில் குளறுபடி என்றால் கடைசி ஆள் வரைக்கும் தூக்கம் போகும்.

2017-ல் அமெரிக்க வேதியியலாளர்கள் சிலர் உட்கார்ந்து மொத்தப் பேரேட்டையும் புரட்டினார்கள். கர்குமினுக்கு ஒரு சுபாவம் உண்டு. யாரைப் பார்த்தாலும் ஒட்டிக்கொள்ளும், தானே ஒளிரும், நிறம் மாறும், உடைந்துபோகும். சோதனைக்கூடத்துக் கருவி, 'ஆஹா, மருந்து வேலை செய்கிறது' என்று ஏமாந்துவிடும். இப்படி எல்லா டெஸ்டிலும் பொய்யாகப் பாஸ் பண்ணும் பொருட்களுக்கு வேதியியலாளர்கள் வைத்திருக்கும் சுருக்கப் பெயர் 'பெய்ன்ஸ்'. ஆங்கிலத்தில் வலிகள் என்று அர்த்தம் வரும், வேண்டுமென்றே வைத்த பெயராக இருக்கவேண்டும். மனிதர்களிடம் 120-க்கும் மேற்பட்ட சோதனைகள் நடந்திருக்கின்றன. டாக்டருக்கும் தெரியாமல், நோயாளிக்கும் தெரியாமல், மருந்தையும் வெறும் மாவு மாத்திரையையும் கலந்து கொடுத்துப் பார்க்கும் கறாரான சோதனைகளில் ஒன்றில்கூடக் கர்குமின் தெளிவாகத் தேறவில்லை என்று அவர்கள் எழுதினார்கள். கர்குமின்தான் மஞ்சளின் ஆத்மா என்ற நினைப்பையே விடுங்கள், மஞ்சளில் வேறு என்னவெல்லாம் இருக்கிறது என்று பாருங்கள் என்றும் சொன்னார்கள்.

அம்மா கண்டுபிடித்தாரே, 'வாசனையே இல்லை' என்று! மஞ்சளின் வாசனை அதன் எண்ணெயில் இருக்கிறது. 95 சதவீதம் கர்குமின் வகையறா என்று பிரித்தெடுக்கும்போது அந்த எண்ணெய் போய்விடும். ஒரு ஸ்பூன் மஞ்சள்தூள் மூன்று கிராம் என்று வைத்தால், அதில் கர்குமின் நூறு மில்லிகிராமுக்கும் குறைவு. நாலு பேருக்கான சாம்பாரில் அரை ஸ்பூன் போடுகிறோம். ஆக, 500 மில்லிகிராம் கேப்ஸ்யூல் ஒன்றை விழுங்குவது, கர்குமின் கணக்கில் நாற்பது தட்டு சாம்பார் சாதத்துக்குச் சமம். பாட்டி சாப்பிட்டாள், ஒன்றும் ஆகவில்லை என்ற வாதம் இங்கே எடுபடாது. பாட்டி இதைச் சாப்பிடவே இல்லை.

ஒன்றும் ஆகாது என்பதற்கும் இப்போது உத்தரவாதம் இல்லை. 2019-ல் இத்தாலியில் மஞ்சள் மாத்திரை சாப்பிட்ட இருபதுக்கும் மேற்பட்டவர்களுக்குக் கல்லீரல் பாதிப்பு. அமெரிக்காவில் 2022-ல் வெளியான ஓர் ஆய்வில் பத்து பேர். ஐந்து பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள், ஒருவர் இறந்துபோனார். பத்தில் ஏழு பேருக்கு ஒரு குறிப்பிட்ட மரபணு வகை இருந்தது. லட்சக்கணக்கானவர்கள் சாப்பிடுவதில் இது அபூர்வம்தான். ஆனால் அந்த மரபணு நமக்கு இருக்கிறதா என்று நம்மில் யாருக்குத் தெரியும்?

இவ்வளவு சொல்லிவிட்டு, நேர்மையாக இன்னொன்றையும் சொல்லவேண்டும். மூட்டு வலி விஷயத்தில் மஞ்சள் முழுக்கத் தோற்கவில்லை. 2014-ல் தாய்லாந்தில் முட்டித் தேய்மானம் உள்ள 367 பேரை வைத்து நடந்த சோதனையில், நாலு வாரத்தில் மஞ்சள் சாறு இபுப்ரோஃபெனுக்கு ஈடு கொடுத்தது (மாவு மாத்திரையோடு ஒப்பிடவில்லை என்பது ஒரு குறை). 2020-ல் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் 70 பேருக்குப் பன்னிரண்டு வாரம். இதில் மாவு மாத்திரை உண்டு. மஞ்சள் சாப்பிட்டவர்களுக்கு வலி கூடுதலாகக் குறைந்தது, வலி மாத்திரையும் குறைவாகவே தேவைப்பட்டது. ஆனால் ஸ்கேன் எடுத்துப் பார்த்தால்... முட்டிக்குள் இருந்த வீக்கமும் நீரும் குறையவே இல்லை! வலி நிஜமாகவே குறைகிறது, டப்பாவில் எழுதியிருக்கிற காரணத்தால் இல்லை போலிருக்கிறது. லக்னோ எலிகள் இதற்கு என்ன சொல்லுமோ.

இதெல்லாம் படித்து முடித்த பிறகு, டப்பாவை எடுத்துக்கொண்டு அம்மாவை டாக்டரிடம் கூட்டிப் போனேன். அவர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பொடி எழுத்தைப் படித்தார். "பைப்பரின் இருக்கே. அம்மா ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போடறாங்க இல்ல?" என்றார். மஞ்சள் சேர்ந்தால் அந்த மாத்திரையின் வேகம் கூடலாம், 2018-ல் நியூசிலாந்தில் ஓர் ஆள் ரத்தம் உறைவது ஆபத்தான அளவுக்குத் தாமதமாகி, அரசே எச்சரிக்கை விட்டது என்றார். மிளகின் வேலையே கல்லீரலின் கையைக் கட்டிப்போடுவதுதான். கர்குமினுக்குக் கதவைத் திறந்தால் கூடவே மற்ற மாத்திரைகளும் உள்ளே போகும். "இது வேணாம்மா" என்றார்.

"அப்ப சாம்பார்ல போடற மஞ்சள், டாக்டர்?"

"அது தாராளமா போடுங்க."

தங்கைக்கு இதைச் சொல்லவேண்டாம், மனசு கஷ்டப்படும் என்று அம்மா உத்தரவு போட்டுவிட்டார். டப்பா பூஜை அலமாரிக்குள் போய்விட்டது.

அடுத்த வருஷம் தங்கை குழந்தைகளோடு வந்து இறங்கினாள். வாசலிலேயே நிற்க வைத்துவிட்டு அம்மா உள்ளே போனார். அலமாரி திறக்கிற சத்தம். எட்டிப் பார்த்தேன். தாம்பாளத்தில் தண்ணீர், ஒரு விரல் சுண்ணாம்பு. நாலு கேப்ஸ்யூலைப் பிரித்துக் கொட்டிக் கலக்கிக்கொண்டிருந்தார்.

"ஈரோட்டு மஞ்சளைவிட நல்லாவே சிவக்குதுடா" என்றபடி ஆரத்தித் தட்டோடு வாசலுக்குப் போனார்.